கூட்டாளி பங்காளியாகும்போது

மலேசியத் தமிழில் 'கூட்டாளி' என்றால் நண்பன். பள்ளிக்கூடத்துக் கூட்டாளி, பந்து விளையாடுகிற கூட்டாளி என்று இயல்பாகச் சொல்கிறோம். தொழிலில் நம்மோடு சேர்ந்து நிற்பவரைக் குறிக்கவும் அதே சொல்தான். 'பங்காளி' என்ற சொல்லின் கதை வேறு. பாட்டன் சொத்தில் உரிமையுள்ள பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகளைக் குறிக்கும் சொல் அது. காதில் விழுந்தவுடன் வரப்புச் சண்டையும் நீதிமன்ற வாசலும் நினைவுக்கு வரும். நண்பர்கள் இருவர் சேர்ந்து தொடங்கும் நிறுவனம் கூட்டாளிகளால் தொடங்கப்பட்டு, இரண்டே ஆண்டில் பங்காளிகளால் மூடப்படுவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். அது ஏன் என்பதை மாணவர்களுக்கும் அண்மையில் பட்டம் பெற்று வெளியே போனவர்களுக்கும் விளக்கவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

நான் சுபாங் ஜெயாவில் நிறுவனச் செயலாளராகத் தொழில் செய்கிறேன். எஸ்.எஸ்.15 வட்டாரத்தில் கடைவீடு ஒன்றின் முதல் மாடியில் அலுவலகம். சுற்றிலும் கல்லூரிகள். ஆகவே இறுதியாண்டு மாணவர்களும் புதுப் பட்டதாரிகளும் இரண்டு பேராக, மூன்று பேராகப் படியேறி வருவார்கள். "அக்கா, ஒரு கம்பெனி பதியணும்" என்பார்கள். எவ்வளவு செலவாகும், எத்தனை நாளில் கிடைக்கும் என்ற இரண்டும் அவர்கள் கேட்கும் கேள்விகள். நான் திருப்பிக் கேட்பதும் இரண்டுதான். உங்களில் யார், எந்தத் தேதியில் வேலையை விடப்போகிறீர்கள்? இது படுத்துவிட்டால் ஒவ்வொருவரும் அதிகபட்சம் எவ்வளவு இழக்கத் தயார்? பெரும்பாலும் அப்பொழுதுதான் ஒருவர் முகத்தை ஒருவர் முதன்முறையாகப் பார்த்துக்கொள்வார்கள்.

முதல் கேள்வி கடப்பாட்டைப் பற்றியது. இரண்டாவது தோல்வி பயத்தைப் பற்றியது. இரண்டும் தனித்தனி விஷயங்கள் என்று பலர் எண்ணுகிறார்கள். என் அனுபவத்தில் அப்படி இல்லை. "அவனுக்குக் கடப்பாடு போதாது" என்று ஒருவர் குறை கூறும்போது, பத்தில் எட்டு முறை, அந்த இன்னொருவர் மனத்தில் சொல்லப்படாத ஒரு பயம் இருக்கும். அதை அவர் சொல்லியிருந்தால் தீர்வு கண்டிருக்கலாம். சொல்லாததால் அது சோம்பேறித்தனமாகவும் துரோகமாகவும் தெரிகிறது.

நம் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவைகளில் கலை இரவு நடத்திய அனுபவத்தை வைத்து "நாங்கள் இருவரும் சேர்ந்து வேலை செய்து பழகியவர்கள்" என்று சொல்பவர்கள் உண்டு. நல்ல பயிற்சிதான், மறுக்கவில்லை. ஆனால் கலை இரவுக்கு ஒரு தேதி உண்டு. அன்றிரவு திரை விழுந்தால் செயற்குழு கலைந்துவிடும். நிறுவனத்திற்கு அப்படியொரு திரை கிடையாது. மூன்று வாரம் தூக்கம் கெட்டு உழைப்பது வேறு, மூன்று ஆண்டு சம்பளம் குறைந்து உழைப்பது வேறு.

தேதி போட்ட கடப்பாடு

நம் கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே பிறந்த ஓர் எடுத்துக்காட்டை முதலில் பார்ப்போம். இன்று நாம் கைப்பேசியில் கூப்பிடும் கிராப் நிறுவனம், 2012 ஜூன் மாதம் 'மைதெக்சி' என்ற பெயரில் இங்கே தொடங்கியது. அதன் நிறுவனர்கள் அந்தோணி டான், டான் ஹூய் லிங் என்னும் இரு மலேசியர்கள். இருவரும் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள். 2011இல் அங்கு நடந்த தொழில் திட்டப் போட்டியில் அவர்களுடைய டெக்சித் திட்டம் இரண்டாம் பரிசு பெற்றது.

அந்தோணி வசதியான குடும்பத்துப் பிள்ளை. டான் சோங் மோட்டார் நிறுவனம் அவர் குடும்பத்தினுடையது. அதை விட்டுவிட்டு வந்தார். தந்தையின் ஆதரவு கிடைக்கவில்லை என்பதும், தாயார் பணம் போட்டார் என்பதும் பலமுறை செய்தியில் வந்தவை. ஹூய் லிங்கின் நிலை வேறு. அவர் படிப்புச் செலவை ஏற்றது மெக்கின்சி ஆலோசனை நிறுவனம். படிப்பு முடிந்ததும் அங்கே திரும்பி வேலை செய்ய வேண்டும் என்ற பிணைப்பு இருந்தது. எனவே அவர் மெக்கின்சிக்குத் திரும்பினார். பிறகு அமெரிக்காவில் சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்தார். கிராப்புக்கு முழுநேரமாக அவர் வந்து சேர்ந்தது 2015இல்தான்.

இதை நம் ஊர்க் கண்ணால் பார்த்தால் எப்படி இருக்கும்? ஒருவன் இரவு பகலாக டெக்சி நிறுத்தங்களில் ஓட்டுநர்களிடம் பேசிக்கொண்டிருக்கிறான். இன்னொருத்தி சம்பளத்தோடு வெளிநாட்டில் இருக்கிறாள். "இவளெல்லாம் ஒரு நிறுவனரா?" என்று கேட்க நாலு பேர் இருப்பார்கள். ஆனாலும் அந்தக் கூட்டு உடையவில்லை. ஹூய் லிங் திரும்பி வந்து, 2023ஆம் ஆண்டின் இறுதிவரை நிறுவனத்தின் முன்னணிப் பொறுப்புகளில் இருந்தார். இடையில் 2018இல் ஊபர் தன் தென்கிழக்காசிய வணிகத்தைக் கிராப்பிடம் ஒப்படைத்துவிட்டு வெளியேறியது. 2021 டிசம்பரில் கிராப் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பெற்றது.

என் கணிப்பு இது: அங்கே அரைநேரக் கடப்பாடு மறைக்கப்படவில்லை. பிணைப்பு இருப்பது தொடக்கத்திலேயே தெரிந்த செய்தி. முழுநேரமாக வர முடியாதவர் நிறுவனராக இருக்கவே முடியாது என்று யாரும் சட்டம் போட்டு வைக்கவில்லை. எப்போது வர முடியும், அதுவரை என்ன செய்ய முடியும் என்பதைச் சொல்லாமல் இருப்பதுதான் ஆபத்து.

கைகுலுக்கலில் பிரித்த பங்கு

இதற்கு நேரெதிரான நிகழ்ச்சி அமெரிக்காவில் நடந்தது. மணிக்கணக்கில் காரை வாடகைக்குக் கொடுக்கும் சிப்கார் நிறுவனத்தை ராபின் சேஸ், அன்ட்ஜே டேனியல்சன் என்ற இரு பெண்மணிகள் தொடங்கினார்கள். இருவருடைய பிள்ளைகளும் ஒரே பாலர் பள்ளியில் படித்ததால் ஏற்பட்ட பழக்கம். பெர்லினில் கண்ட கார்ப் பகிர்வு முறையை டேனியல்சன் எடுத்துச் சொல்ல, சேஸுக்குப் பிடித்துப்போக, பாதிக்குப் பாதி என்று கைகுலுக்கி முடித்துக்கொண்டார்கள். 2000ஆம் ஆண்டில் சேவை தொடங்கியது.

டேனியல்சன் ஹார்வர்டு பல்கலைக்கழக வேலையை விடவில்லை. சேஸ் முழுநேரமாக இறங்கினார். ஒருவர் நாள் முழுக்க உழைக்க, மற்றவர் ஓய்வு நேரத்தில் உதவ, பங்கு மட்டும் சரிபாதி. எப்போது வேலையை விடுவது என்ற பேச்சு முதல் நாளே வந்திருக்க வேண்டும், வரவில்லை. 2001இல் டேனியல்சன் வெளியேற்றப்பட்டார். 2003இல் சேஸும் தலைமைப் பொறுப்பை இழந்தார். அந்தக் கைகுலுக்கல் முட்டாள்தனமானது என்று சேஸே பின்னாளில் சொல்லியிருக்கிறார். நிறுவனம் நன்றாகவே வளர்ந்து, 2013இல் ஏறக்குறைய 50 கோடி டாலருக்கு ஏவிஸ் நிறுவனத்தால் வாங்கப்பட்டது என்பது கதையின் இன்னொரு பக்கம். ஆக, யோசனையில் குறையில்லை.

பேராசிரியர் நோம் வாசர்மன் ஏறத்தாழ 10,000 நிறுவனர்களைப் பற்றிய தகவல்களைத் திரட்டி 2012இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர் ஆராய்ந்த குழுக்களில் 73 விழுக்காட்டினர் தொழில் தொடங்கிய ஒரே மாதத்திற்குள் பங்கைப் பிரித்து முடித்துவிட்டார்களாம். யார் எவ்வளவு உழைக்கப்போகிறார் என்று தெரியாத நேரத்தில் செய்யும் பங்கீடு அது. நம் ஊரிலும் இதுதான் நடக்கிறது. "நமக்குள் என்னடா கணக்கு?" என்ற ஒரு வாக்கியம் எத்தனை நட்பைக் கெடுத்திருக்கிறது!

பயம் எங்கிருந்து வருகிறது?

இளைஞர்கள் பயப்படக்கூடாது என்று மேடையில் முழங்குவது சுலபம். தன்முனைப்புப் பேச்சாளர்கள் அதைத் திறம்படச் செய்கிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. நம் வீடுகளில் உள்ள தோல்வி பயத்திற்கு ஒரு வரலாறு உண்டு. அதைத் தெரிந்துகொள்ளாமல் "பயத்தை விடு" என்றால் விட முடியாது.

சுபாங் ஜெயா ஒரு காலத்தில் சீஃபீல்டு தோட்டம். 1976இல் வீடமைப்புத் திட்டம் தொடங்குவதற்கு முன் இது தோட்ட நிலம். இன்றும் அந்தப் பெயரைத் தமிழ்ப்பள்ளியில் காணலாம். தோட்டத்தில் வேலை என்பது வெறும் சம்பளம் அல்ல. குடியிருந்த வீடு நிர்வாகத்தினுடையது. வேலை போனால் வீடும் போயிற்று. பிள்ளையின் பள்ளி, பக்கத்து வீட்டு உறவு, கோயில் எல்லாம் சேர்ந்து போகும். அப்படிப்பட்ட இடத்தில் வாழ்ந்த நம் பாட்டன் பாட்டிக்கு 'நிலையான வேலை' என்பது உயிரோடு ஒட்டிய சொல்லாக இருந்ததில் வியப்பென்ன? அரசாங்க வேலைக்குப் போ, மருத்துவம் படி என்று இன்று அம்மா சொல்வது அந்த நினைவின் தொடர்ச்சி. அதைக் கோழைத்தனம் என்று கிண்டல் செய்பவர்களை எனக்குப் பிடிப்பதில்லை.

அந்தப் பயம் இன்று எந்த உருவத்தில் வருகிறது என்பதற்கு என்னிடம் வந்த இருவரைச் சொல்லலாம். ஆளை அடையாளம் காணாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். திருமணம், கோயில் விசேஷங்களுக்கு வீட்டிலிருந்து சமைத்துக் கொடுக்கும் பெண்களையும் வாடிக்கையாளர்களையும் இணைக்கும் செயலி அவர்கள் திட்டம். ஒருவர் ஏற்கெனவே வேலையை விட்டுவிட்டார். மற்றவர் கோலாலம்பூரில் வங்கி ஊழியர். "ஆறு மாசமா விடுறேன் விடுறேன்னு சொல்றான் அக்கா. இவனுக்கு மனசு இல்ல" என்றார் முதல்வர். மற்றவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் சுற்றி வளைக்காமல், "தம்பி, மாதாமாதம் நீங்கள் வீட்டிற்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டேன். கிள்ளானில் உள்ள குடும்ப வீட்டின் தவணையை அவர்தான் கட்டுகிறார். தந்தை லாரி ஓட்டுநராக இருந்து உடல்நலம் இழந்தவர். வேலையை விட்டால் எத்தனை மாதம் தவணை கட்ட முடியும் என்று அவர் கணக்கே போட்டுப் பார்க்கவில்லை, பார்க்கவே பயம். பத்தாண்டு நண்பருக்கு இந்தச் செய்தி தெரியாது. வெட்கத்தினால் சொல்லவில்லை.

அவர்கள் இருவரும் அன்று ஒரு தாளில் எழுதினார்கள். அடுத்த ஆண்டு ஜூன் 30 வரை வங்கி ஊழியர் மாலை நேரங்களிலும் சனிக்கிழமையிலும் வேலை செய்வார். மாதம் 500 ரிங்கிட் போடுவார். பங்கு 70க்கு 30. அந்தத் தேதிக்குள் முழுநேரமாக வந்தால் சரிபாதி. வராவிட்டால் 30 அப்படியே நிற்கும், யாரும் யாரையும் திட்டக்கூடாது. தேதி வந்தது, அவர் வரவில்லை. பங்கு 30ஆகவே இருக்கிறது. செயலி சிறிய அளவில் நடக்கிறது. சென்ற தீபாவளிக்கு இருவரும் ஒன்றாக வந்து முறுக்கு கொடுத்துவிட்டுப் போனார்கள்.

எவ்வளவு இழக்கலாம்?

சரஸ் சரஸ்வதி என்ற பேராசிரியை, அனுபவம் மிக்க 27 தொழில் முனைவோருக்கு ஒரே கற்பனைத் தொழில் சிக்கலைக் கொடுத்து, அவர்கள் யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லி ஆராய்ந்தார். அதன் அடிப்படையிலான அவருடைய கட்டுரை 2001இல் வெளிவந்து உலகெங்கும் வணிகப் பள்ளிகளில் பாடமாயிற்று. பழுத்த தொழில் முனைவோர் எவ்வளவு லாபம் வரும் என்று கணக்கிட்டுத் தொடங்குவதில்லை. இதில் எவ்வளவு போனால் நம்மால் தாங்க முடியும் என்று பார்த்துத்தான் தொடங்குகிறார்கள் என்பது அவர் கண்டவற்றுள் ஒன்று. தாங்கக்கூடிய இழப்பு என்று இதைச் சொல்லலாம். தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. 'தெரிந்து செயல்வகை' அதிகாரத்தில் வள்ளுவர், வரப்போகும் ஆதாயத்தின் ஆசையில் உள்ள முதலையே பறிகொடுக்கும் வேலையில் அறிவுடையவர் இறங்கமாட்டார் என்ற பொருள்பட எழுதியிருக்கிறார்.

இந்த முறையின் அழகு என்னவென்றால், பயம் ஒரு தொகையாக மாறிவிடுகிறது. "தோற்றுவிட்டால் என்ன ஆகும்?" என்ற கேள்விக்கு எல்லையில்லை, இரவு இரண்டு மணிக்கு அது பூதமாக வளரும். "பன்னிரண்டு மாதத்தில் 24,000 ரிங்கிட் போகும், பிறகு நான் மீண்டும் வேலை தேடுவேன்" என்பது எல்லையுள்ள செய்தி. கசப்பாக இருந்தாலும் கையில் பிடிக்கலாம். அறை வாடகை, கார்த் தவணை, பி.டி.பி.டி.என். கல்விக் கடன், அம்மாவிற்குக் கொடுப்பது, சாப்பாடு, பெட்ரோல் என்று ஒவ்வொன்றாக எழுதிப் பார்க்க அரைமணி நேரம் போதும். நிறுவனர்கள் இருவரும் தனித்தனியே எழுதி, தாளை மாற்றிப் படிக்க வேண்டும். ஒருவரால் 24,000 தாங்க முடியும், மற்றவரால் 4,000தான் முடியும் என்று தெரிந்தால், அதில் அவமானம் ஒன்றுமில்லை. ஆனால் அந்த இரண்டு பேருக்கும் ஒரே அளவு கடப்பாட்டை எதிர்பார்ப்பது மடமை.

நம் சமுதாயம் இதைப் பெரிய அளவில் ஒருமுறை செய்து காட்டியிருக்கிறது. 1950களின் இறுதியில் வெளிநாட்டு முதலாளிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போகத் தொடங்கினர். வாங்கியவர்கள் துண்டு துண்டாக விற்றனர். தோட்டத் துண்டாடல் என்று நம் பெற்றோர் சொல்லக் கேட்டிருப்போம். ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு வேலையும் வீடும் ஒருசேரப் போகும் நிலை. அப்போது அமைச்சராக இருந்த வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்று, மாதம் 10 வெள்ளி போடுங்கள், நாமே தோட்டத்தை வாங்குவோம் என்று தொழிலாளரிடம் பேசினார். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவானது. அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. அக்காலத் தோட்டக் கூலியில் 10 வெள்ளி சிறு தொகையல்ல. எனினும் அது போனால் அடுப்பு அணைந்துவிடும் என்ற தொகையும் அல்ல. பயந்தவர்களிடம் பயப்படாதே என்று மட்டும் சொல்லியிருந்தால் பணம் வந்திருக்குமா? ஒவ்வொருவரும் எவ்வளவு, எப்போது போட வேண்டும் என்று அளந்து கேட்டதால் அது நடந்தது என்று நான் நினைக்கிறேன். சங்கம் இன்றும் இயங்குகிறது.

அண்மைக்கால எடுத்துக்காட்டு வேண்டுமென்பவர்கள் ஃபிரெஷ்வொர்க்ஸைப் பார்க்கலாம். திருச்சியில் வளர்ந்த கிரிஷ் மாத்ருபூதம், சென்னையில் ஸோஹோ நிறுவனத்தில் ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் வேலை செய்தவர். மனைவி, பிள்ளைகள் உள்ள குடும்பஸ்தர். 2010இல் அவரும் சக ஊழியர் ஷான் கிருஷ்ணசாமியும் சேர்ந்து ஃபிரெஷ்டெஸ்க் என்ற பெயரில் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 2011இல் மென்பொருள் வெளிவந்தது. முதல் வாடிக்கையாளர் ஆஸ்திரேலியாவில் உள்ள ஒரு பள்ளி. 2021 செப்டம்பரில் நாஸ்டாக்கில் பங்கு விற்பனை. இந்தக் கதையைச் சொல்பவர்கள் எல்லோரும் கடைசி வரியைத்தான் விரும்பிச் சொல்கிறார்கள். நான் கவனிக்கச் சொல்வது வேறொன்றை. கிரிஷும் ஷானும் ஒருவரையொருவர் வேலையில் பார்த்தவர்கள். நெருக்கடி வந்தால் இவன் என்ன செய்வான், தாமதமானால் எப்படிப் பதில் சொல்வான் என்பதெல்லாம் முன்பே தெரிந்திருக்கும். உணவகத்தில் தே தாரிக் குடித்துப் பழகிய நட்பில் இந்த அறிவு கிடைக்காது. சேர்ந்து ஒரு சிறு வேலையையாவது, காசு வாங்கிக்கொண்டு, ஒரு வாடிக்கையாளருக்கு முடித்துக் கொடுத்துவிட்டுப் பிறகு நிறுவனம் பதியுங்கள்.

பன்னிரண்டு நாள் பங்காளி

1976 ஏப்ரல் 1ஆம் தேதி ஆப்பிள் கணினி நிறுவனத்திற்கான கூட்டு ஒப்பந்தம் கையெழுத்தானபோது அதில் மூன்று பெயர்கள் இருந்தன. ஸ்டீவ் ஜாப்ஸுக்கு 45 விழுக்காடு, ஸ்டீவ் வோஸ்னியாக்குக்கு 45, ரொனால்ட் வேய்னுக்கு 10. இளைஞர்கள் இருவரும் முட்டிக்கொண்டால் தீர்ப்புச் சொல்ல வயதில் மூத்த மூன்றாமவர். ஒப்பந்தத்தை எழுதியவரும் அவரே. பன்னிரண்டாம் தேதி அவர் விலகிவிட்டார். பங்கிற்கு 800 டாலர் பெற்றுக்கொண்டார். பின்பு எஞ்சிய உரிமைக் கோரிக்கையையும் விட்டுக்கொடுத்து 1,500 டாலர் பெற்றார்.

உலகின் மிகப் பெரிய முட்டாள் என்று இவரைக் காட்டிச் சிரிப்பது வழக்கம். காரணத்தைப் பார்த்தால் சிரிப்பு வராது. அது பங்குடைமைத் தொழில். தனியார் நிறுவனம் அல்ல. நிறுவனம் கடன் பட்டால் பங்காளிகள் சொந்தச் சொத்திலிருந்து கட்ட வேண்டும். ஜாப்ஸ் ஒரு கடைக்காகக் கடனில் உதிரிப் பாகங்கள் வாங்கியிருந்தார். அந்தக் கடை ஒழுங்காகப் பணம் கொடுக்காது என்ற பேச்சு இருந்தது. இளைஞர்கள் இருவரிடமும் பிடுங்குவதற்கு ஒன்றுமில்லை. சொத்து இருந்தவர் வேய்ன் ஒருவரே. முன்பு ஒரு தொழில் நொடித்து, அந்தக் கடனைக் கட்டி மீண்ட அனுபவமும் அவருக்கு இருந்தது. அவர் பயம் நியாயமானது. அதைச் சொல்லி, எழுதிக் கொடுத்து, பன்னிரண்டே நாளில் விலகினார். பன்னிரண்டு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. அதே பயத்திற்குப் பங்கை விடுவது ஒன்றே மருந்தா என்றால், இல்லை. தொழிலின் சட்ட வடிவத்தை மாற்றியிருந்தாலே அதில் பெரும்பகுதி குறைந்திருக்கும். ஆப்பிள் மறு ஆண்டே நிறுவனமாகப் பதியப்பட்டது.

நம் நாட்டிலும் இதே நிலைதான். எஸ்.எஸ்.எம். எனப்படும் நிறுவனங்கள் ஆணையத்தில் ஆண்டுக்கு 60 ரிங்கிட் கட்டி, நண்பர்கள் இருவர் பெயரில் 'எண்டர்பிரைஸ்' பதிவது மலிவு. மாணவர்கள் பெரும்பாலும் அதையே செய்கிறார்கள். ஆனால் அது 1961ஆம் ஆண்டின் பங்குடைமைச் சட்டத்திற்கு உட்பட்டது. உங்கள் நண்பர் தொழிலுக்காக வாங்கிய கடனுக்கு நீங்களும் பொறுப்பு. நண்பரிடம் இல்லையென்றால் உங்கள் சேமிப்பில் கைவைப்பார்கள். 'செண்டிரியான் பெர்ஹாட்' நிறுவனம் அமைக்க 1,000 ரிங்கிட் பதிவுக் கட்டணம். செயலாளர், கணக்கு என்று ஆண்டுச் செலவும் உண்டு. ஆனால் கடன் நிறுவனத்தோடு நிற்கும். 2016ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டப்படி ஒரே ஒருவர் இயக்குநராகவும் பங்குதாரராகவும் இருக்கலாம். ஆள் எண்ணிக்கைக்காக மட்டும் நண்பனைச் சேர்க்கும் பழைய காரணம் இப்போது இல்லை. இடைப்பட்டதாக, 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வரையறுக்கப்பட்ட பொறுப்புடைய பங்குடைமை என்ற வடிவமும் 500 ரிங்கிட் கட்டணத்தில் இருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. நிறுவனம் பதிந்துவிட்டோம், இனிப் பயமில்லை என்று இருந்துவிடாதீர்கள். வங்கி கடன் கொடுக்கும்போது இயக்குநர்களின் சொந்த உத்தரவாதத்தைக் கேட்கும். அந்தக் கையெழுத்தோடு பாதுகாப்புச் சுவர் இடிந்துவிடும். அப்பா, அம்மாவை உத்தரவாதக் கையெழுத்துப் போட அழைத்துச் செல்ல வேண்டாம் என்று நான் கண்டிப்பாகவே சொல்வேன். அது உங்கள் தாங்கக்கூடிய இழப்பு அல்ல, அவர்களுடையது.

திவால் என்ற சொல்லைக் கேட்டாலே நடுங்குகிறவர்கள் அதன் விவரத்தையும் தெரிந்துகொள்வது நல்லது. 2021 முதல், கடன் 100,000 ரிங்கிட்டுக்குக் குறைவாக இருந்தால் ஒருவரைத் திவாலாக்க வழக்குத் தொடுக்க முடியாது. முன்பு அந்த எல்லை 50,000. அதற்கும் முன்பு 30,000. திவாலானவர் அனுமதியின்றி வெளிநாடு போக முடியாது, நிறுவன இயக்குநராக இருக்க முடியாது. 2017இல் வந்த திருத்தத்தின்படி, நிபந்தனைகளை நிறைவேற்றினால் மூன்றாண்டில் விடுபட வழி உண்டு. கசப்பான நிலைதான். ஆயுள் தண்டனை அல்ல.

உழைத்துச் சம்பாதிக்கும் பங்கு

கடப்பாட்டைக் காகிதத்தில் எழுதும் முறை ஒன்று தொழில்நுட்ப உலகில் வழக்கத்தில் உள்ளது. பங்கு பெயரளவில் முதல் நாளே ஒதுக்கப்படும். ஆனால் நான்கு ஆண்டுகளில், மாதம் மாதமாக, உழைத்துச் சொந்தமாக்கிக்கொள்ள வேண்டும். முதல் ஆண்டு முடியுமுன் விலகினால் ஒன்றுமில்லை. ஆண்டு நிறைந்ததும் கால் பங்கு சேரும். பிறகு ஒவ்வொரு மாதமும் 48இல் ஒரு பங்கு.

இருவர் பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் எட்டாம் மாதம் விலகினால் அவருக்குப் பங்கு இல்லை. பதினெட்டாம் மாதம் விலகினால் 50 விழுக்காட்டில் 48க்கு 18 பாகம், அதாவது 18.75 விழுக்காடு அவருக்கு. மிச்சம் நிறுவனத்தில் உழைப்பவரிடம் திரும்பும். இதைப் பங்குதாரர் ஒப்பந்தத்தில் எழுதி, திரும்பும் பங்கை எந்த விலைக்கு மாற்றிக்கொள்வது என்பதையும் குறிக்க வேண்டும். ஒப்பந்தம் எழுத வழக்கறிஞரிடம் போங்கள். இணையத்தில் கிடைக்கும் அமெரிக்கப் படிவத்தை அப்படியே நகல் எடுத்தால் நம் நிறுவனச் சட்டத்தோடு பொருந்தாது.

இப்படிக் கேட்பது நம்பிக்கையில்லாததைக் காட்டாதா என்று மாணவி ஒருத்தி என்னிடம் கேட்டாள். நிச்சயதார்த்தத்தில் எல்லாவற்றையும் நாலு பெரியவர் முன்னால் படித்து, எழுதி, தட்டு மாற்றிக்கொள்கிறோமே, அங்கே நம்பிக்கை இல்லையா என்று திருப்பிக் கேட்டேன். சிரித்தாள். ஒப்பந்தம் உழைப்பவரை மட்டும் காக்கவில்லை. பயப்படுகிறவரையும் காக்கிறது. "பதினெட்டு மாதம் முயன்று பார்க்கிறேன், முடியாவிட்டால் நான் உழைத்த அளவு எனக்கு நிற்கும்" என்று தெரிந்தால், வேலையை விடத் தயங்குபவருக்கும் ஒரு துணிவு வரும்.

விலகுகிறபோது

எவ்வளவு எழுதி வைத்தாலும் சிலர் விலகத்தான் செய்வார்கள். திருமணம், பெற்றோர் நோய், வெளிநாட்டு வேலை என்று காரணங்கள் வரும். விலகல் குற்றமல்ல. ஆனால் வாய்மொழியாக விலகாதீர்கள். இயக்குநர் பதவியிலிருந்து விலகும் கடிதத்தை எழுத்தில் கொடுங்கள். நிறுவனம் 14 நாளில் அந்த மாற்றத்தை எஸ்.எஸ்.எம்.மிடம் தெரிவிக்க வேண்டும். தெரிவித்ததற்குச் சான்றாக நகல் ஒன்றைக் கேட்டு வாங்கி வையுங்கள். பெயர் பதிவேட்டில் இருக்கும்வரை கடிதங்கள் உங்கள் வீட்டிற்கே வரும். ஐந்தாண்டு கழித்துத் தாக்கல் செய்யாத கணக்கிற்கு அபராத நோட்டீசும் வரும். வங்கிக் கணக்கில் கையெழுத்திடும் உரிமையை மாற்றுங்கள். சொந்த உத்தரவாதம் கொடுத்திருந்தால், நிறுவனத்தை விட்டுப் போனதால் அது தானாக நீங்காது. வங்கியிடம் தனியே எழுதி விடுதலை பெற வேண்டும்.

இன்னொன்று, சிறிய விஷயம்போல் தோன்றும். நிறுவனத்தின் இணைய முகவரி, மின்னஞ்சல், சமூக ஊடகக் கணக்குகள் ஆகியவை பெரும்பாலும் ஏதோ ஓர் இரவில், யாரோ ஒருவருடைய சொந்த மின்னஞ்சலில், அவருடைய கடன் அட்டையில் பதியப்பட்டிருக்கும். அவர் கோபித்துக்கொண்டு போனால் கடவுச்சொல்லும் கூடவே போகும். என்னிடம் வந்த பிரிவுச் சண்டைகளில் பங்கு விழுக்காட்டுக்காக நடந்ததைவிடக் கடவுச்சொல்லுக்காக நடந்தவை அதிகம். நிறுவனம் பதிவான அதே வாரத்தில் அவற்றை நிறுவனத்தின் பெயருக்கு மாற்றி, கடவுச்சொற்களை எழுதி, உறையில் இட்டு, இருவரும் கையெழுத்துப் போட்டு, செயலாளரிடம் கொடுத்து வையுங்கள். நான் அதற்குக் கட்டணம் வாங்குவதில்லை.